சங்கக்கடைப் பேரேடும் என் கணினியும்

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியும் பெற்றோரின் கடமை பற்றியும் எழுத என்னிலும் தகுதியுடையோர் இப்பள்ளியில் உளர் எனக் கூறித் தப்ப முயன்றேன். "உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்கள், எமது பிள்ளைகள் பலர் அத்துறைக்கே போகவிருக்கிறார்கள்" என்றார் மலராசிரியர். என் தொழில் தரவு ஆய்வு. பெயர்தான் பெரிது. நாளின் பெரும்பகுதி பிறர் எழுதி வைத்த பட்டியல்களைத் துப்புரவு செய்வதிலேயே கழிகின்றது. அத்துப்புரவுப் பணியில் நான் இழைத்த பிழையொன்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் முகாமையாளராக இருந்தவர். மாலையில் கடை பூட்டுமுன் அரிசி, மா, சீனி மூட்டைகளைத் தம் கையாலேயே தொட்டு எண்ணி, திறந்த மூட்டையை நிறுத்து, பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். பேரேட்டில் ஓர் எண் பிழையாக விழுந்துவிட்டால் அதனை ஒருபோதும் அழிக்கமாட்டார். ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியான எண்ணை எழுதி, அருகே ஒப்பமும் திகதியும் இடுவார். வெட்டிய எண்ணையும் எவரும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். "பிழை தெரியவேணும் தம்பி. அழிச்சால் களவு எண்டு நினைப்பினம்" என்பார். பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்று இலண்டனில் வேலையில் அமர்ந்த எனக்கு, அது பழைய காலத்துக் கடைக்காரரின் அச்சமாகவே தோன்றிற்று.

2011 ஆம் ஆண்டு. நகரின் மருத்துவமனையொன்றில் புள்ளிவிவரப் பகுதியில் பணியாற்றினேன். இரு பிரிவுகளின் நோயாளர் பட்டியல்களை ஒன்றாக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஒருவருக்கே இரண்டு கடிதங்கள் போகின்றன என்ற முறைப்பாடு இருந்ததால், இரட்டித்த பதிவுகளை நீக்கவேண்டியிருந்தது. மருத்துவ எண் பல வரிகளில் வெற்றாகக் கிடந்தது. ஆதலால் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாயின் ஆளும் ஒருவரே என்று விதி வகுத்து, 212 வரிகளை நீக்கி, அதே கோப்பை அதே பெயரில் சேமித்தேன். அரைநாள் வேலை. மேலாளர் பாராட்டினார், நானும் மகிழ்ந்தேன்.

ஆறு வாரங்களின் பின் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். நீரிழிவு நோயாளியான தம் தந்தைக்குக் கண் பரிசோதனைக் கடிதம் இன்னும் வரவில்லை என்றார். பட்டியலில் அம்முதியவரின் பெயர் இருந்தது, முகவரியோ வேறொருவருடையது. அப்போதுதான் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஒரே பெயருடைய இரு முதியவர்கள். இருவருக்கும் பிறந்த திகதி சனவரி 1. ஒருவரை நான் அழித்துவிட்டேன்.

போரினாலும் இடப்பெயர்வினாலும் ஆவணங்களை இழந்தோர்க்கும், பிறப்புப் பதிவே இல்லாத ஊர்களிலிருந்து வந்தோர்க்கும், ஆண்டு மட்டும் தெரிந்தால் சனவரி 1 என்று எழுதிவிடுவது பல அலுவலகங்களின் வழக்கம். வரவேற்பு மேசையில் பெயர் பதியும் ஊழியரை நான் பின்னர் கேட்டபோது, அவர் ஒரு நிமிடத்தில் இதனைச் சொன்னார். முன்னரே ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் விடையில்லை. அதனினும் வெட்கம் யாதெனில், என் மாமியாரின் கடவுச்சீட்டிலும் அதே சனவரி 1 தான். வீட்டில் அறிந்திருந்ததை அலுவலகத்தில் மறந்தேன்.

நீக்கிய மற்றைய 211 பேர் யாவர் எனப் பார்க்க மூலக்கோப்பு இல்லை. காப்புப் பிரதிகளை முப்பது நாள்களே வைத்திருந்தனர். மேலாளரிடம் அன்றே சென்று நடந்ததைச் சொன்னேன். மூவர் நான்கு நாள்கள் காகிதக் கோப்புகளைப் புரட்டி, தவறாக நீக்கப்பட்டோர் ஒன்பது பேர் எனக் கண்டோம். அந்த முதியவரின் பார்வைக்குக் கேடு நேரவில்லை. அது மகளின் விழிப்பினால், என் திறமையினால் அன்று.

அன்று முதல், எவர் தரும் கோப்பையும் முதலில் தனியே படியெடுத்துப் பூட்டி வைக்கின்றேன்; படியில்தான் கை வைப்பேன். நீக்கவேண்டிய வரியை நீக்காமல் காரணத்துடன் வேறொரு தாளுக்கு மாற்றுவேன். ஒவ்வொரு நிரலிலும் எந்த மதிப்பு மிகுதியாக வருகின்றது என்று எண்ணிப் பார்ப்பேன். 2011 இல் அதைச் செய்திருந்தால் சனவரி 1 மலைபோல் எழுந்து நின்றிருக்கும். கோப்பு எவரிடமிருந்து வந்தது, எத்தனை வரிகள் உட்புகுந்தன, எத்தனை வெளிவந்தன என்பவற்றைப் பயிற்சிக் கொப்பியொன்றில் பேனையால் எழுதுகின்றேன். இளம் சகபாடிகள் நகைப்பதுண்டு. நகைக்கட்டும்.

வரிகளை எண்ணுவது சிறுபிள்ளை வேலையெனக் கருதுவோர் 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. கொரோனாத் தொற்று முடிவுகளைத் தொகுக்க எக்செலின் பழைய கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தினர். அவ்வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. எஞ்சியவை உதிர்ந்து போயின. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான 15,841 தொற்றாளர்கள் அன்றன்றைய கணக்கில் சேராததால், அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் பிந்திற்று. உட்சென்றதையும் வெளிவந்ததையும் ஒப்பிடும் அந்தி நேரக் கணக்கு, சீனி மூட்டைக்கு மட்டும் உரியதன்று.

நிற்க. எமது பள்ளியின் மாணவர் பதிவேட்டையும் சில ஆண்டுகளாக நானே பார்த்து வருகின்றேன். பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம் பிள்ளைகளின் அழகிய பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்ச் சிதறித் தோன்றும். கெட்டுப்போன கோப்பு என்று அவற்றை எறிய இருந்தார்கள். நல்லவேளை, ஒருவர் கேட்டுவிட்டு எறிய நினைத்தார். இப்போது யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். பழையவற்றையும் அப்படியே வைத்திருக்கின்றோம்.

இவ்வாண்டு பதிவேட்டு வேலைக்கு மேல்வகுப்பு மாணவன் ஒருவன் உதவுகின்றான். சென்ற மாதம், "மாமா, இந்தப் பிள்ளையின் பெயர் இரண்டு தரம் இருக்குது. ஒன்றை அழிக்கட்டா?" என்று கேட்டான். அழிக்கவேண்டாம், முதலில் வீட்டாரைக் கேள் என்றேன். கேட்டான். ஒரே பிள்ளைதான்; தாயும் தந்தையும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே பதிந்திருந்தனர். ஆண்டுக் கட்டணத்தையும் இருவருமே செலுத்தியிருந்தனர். பொருளாளருக்கு அறிவித்திருக்கின்றோம்.