நெஞ்சின் கணக்கு எழுதும் சட்டை

"எல்லாம் யோசனைதான் அம்மா, யோசியாமல் இருங்கோ." போரைக் கண்ட பெண்களில் இந்த வார்த்தையைக் கேளாதவர்கள் குறைவு. நெஞ்சு படபடத்தால் யோசனை, நித்திரை வராவிட்டால் யோசனை, மூச்சு முட்டினாலும் யோசனைதான். எங்கள் இழப்புகள் பெரியவை என்பதால், எங்கள் உடம்பில் வருகின்ற வருத்தங்கள் எல்லாவற்றுக்கும் அவையே காரணம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

நெடுந்தீவில் இருக்கும் என் அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. இரவில் திடீரென நெஞ்சு துடிக்கத் தொடங்கும். "பிள்ளை, வெளியில ஓடித் திரியிற குதிரையள் உள்ளுக்க ஓடுற மாதிரிக் கிடக்கு" என்பார். விடியப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் பட்டணம் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு அடங்கிவிடும். ஈ.சி.ஜி. எடுத்தால் ஒரு குறையும் இராது. இரண்டு முறை வெறுங்கையுடன் திரும்பினோம்.

சாதாரண ஈ.சி.ஜி. பதிவது பத்து விநாடி அளவுதான். இரவில் வந்து போனதை அது எப்படிக் காட்டும்? மூன்றாம் முறை வேறொரு வைத்தியர் ஹோல்டர் என்ற கருவியைப் பூட்டிவிட்டார். அமெரிக்கரான நோர்மன் ஹோல்டரின் பெயரைக் கொண்ட இக்கருவி, 24 மணித்தியாலம் இருதயத் துடிப்பைப் பதிகிறது. அதில்தான் அம்மாவின் துடிப்பு இடையிடையே ஒழுங்கு குலைவது தெரியவந்தது. ஏட்ரியல் பிப்ரிலேஷன் எனப்படும் இந்த நோயைக் கவனியாமல் விட்டால், இருதயத்தில் இரத்தம் கட்டியாகி, மூளைக்குச் சென்று பாரிசவாதத்தைக் கொண்டுவரலாம். இப்போது அம்மா தவறாமல் மருந்து எடுக்கிறார்.

ஆனால் அந்த ஒரு நாள் அவர் பட்டபாடு பெரிது. நெஞ்சில் ஒட்டிய பசை கடித்தது. வயர்கள் சேலையில் சிக்கின. குளிக்கவும் முடியவில்லை. நான் தையல் வேலை செய்பவள். இதையெல்லாம் ஒரு சட்டைக்குள்ளேயே வைத்துத் தைக்க முடியாதா என்று கேட்டேன். கனடாவில் இருக்கும் தங்கையின் மகன், அது எப்போதோ நெய்யப்பட்டுவிட்டது என்று விளக்கினான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் தன் குழுவினருடன் அதை உருவாக்கினார். 1996இல் அமெரிக்கக் கடற்படையின் உதவியுடன் அந்த வேலை தொடங்கியது. போர்க்களத்தில் இராணுவ வீரருக்குச் சூடு பட்டதை அறிவதே நோக்கம். துணியில் ஓடும் ஒளி இழை அறுந்தால், சூடு பட்டது தெரியும். இருதயத் துடிப்பையும் சட்டையே அறிவிக்கும். போருக்கென்று நெய்த அந்தத் துணி, பின்னர் கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உதவும் என்று கண்டார்கள்.

இன்று கனடாவின் மொன்றியல் நகரில் இருந்து ஹெக்ஸோஸ்கின் என்ற பெயரில் இத்தகைய சட்டை விற்பனைக்கு வருகிறது. இவ்வகை உடைகளில், வெள்ளி பூசிய நூல் போன்ற மின்சாரம் கடத்தும் நூலால் ஆன பட்டி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மிகச் சிறிய மின்சாரத்தை அது பிடித்து, சிறு பெட்டியொன்றுக்கு அனுப்பும். பெட்டியைக் கழற்றிவிட்டுத் துணியைத் தோய்க்கலாம்.

தையற்காரியின் கண்ணால் பார்த்தால் குறைகளும் தெரிகின்றன. துணி தளர்ந்தால் பதிவு குழம்பும், இறுகினால் உடுக்க முடியாது. தோய்க்கத் தோய்க்க நூலும் பழுதாகும். விலையோ எமக்கு எட்டாதது. அத்துடன், துடிப்பின் ஒழுங்கைக் காட்டும் சட்டை மாரடைப்பையும் காட்டிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

அது எங்கள் தீவுகளுக்கு வரும்வரை, சகோதரிகளே, ஒரு கொப்பி போதும். படபடப்பு வரும்போது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுதாக நாடியை எண்ணுங்கள். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பது வழமை. எண்ணிக்கை, நேரம், அடி சீராக விழுந்ததா, விட்டு விட்டு விழுந்ததா என்பவற்றை எழுதி வையுங்கள். நெஞ்சு நோவோ, மயக்கமோ, மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் எழுதிக்கொண்டு இராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

வைத்தியர் யோசனை என்று சொன்னால் கொப்பியைக் காட்டி, நீண்ட நேரப் பதிவு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கவலையும் இருக்கலாம், நோயும் இருக்கலாம். கவலையைக் காரணம் சொல்லி நோயைப் பாராமல் விடுவதற்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது.