பெட்டி ஒட்டின கடை

அந்த நாளில் ஓ.எல். சோதினை டிசம்பரில் முடிந்தால் பெறுபேறு வரச் சித்திரை ஆகிவிடும். அதற்கிடையில் விசுவமடுப் பெடியள் வயலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் வீட்டுத்திட்டத்துக்குக் கல் சுமப்பார்கள். 2012 முடிவில் அம்மா என்னைப் பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கரையில் இருந்த வெல்டிங் கடையில் கொண்டுபோய் விட்டா. காலையில் ரியூசன், பின்னேரம் கடை. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பாலைக் கப்பு, மேலே தகரம், பின்னால் ஊரையே எழுப்புகிற ஒரு ஜெனறேற்றர்.

கடைக்கார அண்ணை முதலில் வெல்டிங் றொட்டைத் தொட விடவில்லை. கம்பித் தூரிகையால் துரு உரஞ்சவேணும், அன்ரிகொரோசிவ் பூசவேணும், அவர் ஒட்டி முடித்த இடத்தில் ஆறிக் கிடக்கிற கறுப்புத் தோலைச் சுத்தியலால் தட்டி எடுக்கவேணும். தோல் தட்டுவதை எடுபிடி வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் படிப்பு அங்கேதான் நடந்தது. ஒட்டு நல்லதென்றால் இரண்டு தட்டிலேயே தோல் நீளமாகக் கழன்று விழும், அடியில் ஒரே அளவில் வரி வரியாய் இரும்பு மினுங்கும். கை ஆடின இடத்தில் தோல் இரும்புக்குள் புதைந்து கிடக்கும், கொத்திக் கொத்தித்தான் எடுக்கவேணும். அண்ணைக்கு எப்போது தேத்தண்ணிப் பசி வந்தது என்பதைக்கூட அந்த வரிகளில் கண்டுபிடிக்கலாம்.

பிறகு ஒருநாள் கண்ணாடிப் பலகையைத் தந்து, “காதைக் குடுத்து ஒட்டு” என்றார். கறுப்புக் கண்ணாடிக்குள் முதலில் ஒன்றுமே தெரியாது. றொட்டின் நுனி இரும்பை உரசித் தீப்பிடித்த பிறகுதான் அந்தச் சின்னப் பச்சை வெளிச்சமும், அதற்குப் பின்னால் உருகி நிற்கிற இரும்பும் தெரியும். றொட்டை அழுத்தினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், விலக்கினால் அணைந்துபோகும். “மீன் பொரியிற சத்தம் விடாமல் கேக்கவேணும், தம்பி. சத்தம் மாறினால் கை பிழை.” இரும்பு உருக 1500 பாகைக்கு மேல் வேணும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்தச் சூட்டை மணிக்கட்டால் கூட்டிக் குறைக்கலாம் என்று அதில் இருக்கவில்லை.

கணக்குப் பாடமும் அங்கே வந்தது. கேற்றுக்குப் பொக்ஸ் பார் நாலையும் நிலத்தில் அடுக்கி, மூலைக்கொரு பொட்டு மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டத்தையும் ரேப்பால் அளப்போம். அளவு ஒத்துவந்தால்தான் முழுதாக ஒட்டலாம். ஒரு மூலையை ஒரேயடியாக ஒட்டி முடித்தால், ஆறும்போது இரும்பு அந்தப் பக்கம் இழுத்துவிடும். அதனால் எதிரெதிர் மூலையாக மாறி மாறி ஒட்டுவது. பைதகரசை எனக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தியது அந்தக் கேற்றுகள்தான்.

கண்வலி எல்லாருக்கும் வரும். வெளிச்சம் படும்போது ஒன்றும் தெரியாது. நடுச்சாமத்தில்தான் கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டதுபோல எழும்பும். புறஊதாக் கதிர் விழிவெண்படலத்தின் மேற்தோலைச் சுட்டுவிடுகிறது. அம்மா பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் போய்த் தாய்ப்பால் வாங்கிவந்து விட்டா. சுகம் வந்தது பாலாலா, விடியும்வரை கண்ணை மூடிக் கிடந்ததாலா என்று நான் அம்மாவோடு வாதாடவில்லை.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. பழைய இரும்புக் குவியலில் மூடின குழாய், உருண்டை, வாய் அடைத்த எதைக் கண்டாலும் நெருப்புக் காட்டக்கூடாது. மிதிவெடி எடுக்கிறவர்களின் மண்டையோட்டுப் பலகைகள் காட்டோரம் நின்ற காலம் அது. ஊரில் கிடந்த இரும்பு எல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

காலபோக அறுவடை தொடங்க லாண்ட்மாஸ்ரர் பெட்டிகள் வரிசையாக வந்தன. அச்சு வெடித்தது, கொழுவி தேய்ந்தது, தட்டு உக்கினது. அதில் ஒரு பெட்டி முழுக்கச் செல் பீஸ் பட்ட ஓட்டை. 2009 தையில் சண்டை நெருங்க, சனம் இதே வீதியால் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போனபோது அதுவும் போயிருக்கிறது. கொண்டுவந்த ஐயா பெட்டியைச் சுற்றி நடந்தார். “தட்டில இருக்கிறதை மட்டும் அடை, தம்பி. நெல்லு ஒழுகுது.” பக்கத்துத் தகட்டில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். “அதால நெல்லு போகாது. காசுக்குப் பிடிச்ச கேடே?”

தட்டை அண்ணையும் நானும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். ஓட்டையின் விளிம்பு உள்ளே மடிந்து கத்தியாய் நின்றது. அதை அடித்துப் படியவைத்து, மேலே தகட்டுத் துண்டு வைத்து, 12 கேஜ் றொட்டால் விட்டு விட்டு ஒட்டவேணும். உக்கின தகட்டில் றொட்டை ஒரு கணம் கூடுதலாக நிறுத்தினால் ஓட்டை அடைக்கப் போய் இன்னொரு ஓட்டை விழும்.

நான் ஏ.எல். படிக்கத் தொடங்கின பிறகும் சனி ஞாயிறு கடைக்குப் போனேன். அடுத்த காலபோகத்துக்கு அதே பெட்டி கொழுவி உடைந்து வந்தது. ஐயா தேத்தண்ணிக் கடைக்குப் போன நேரம் பார்த்து, தட்டில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் ஓரத்தில் விட்டிருந்தது, அதுவும் அண்ணை ஒட்டினது. அவர் காணமுதல் ஒட்டிவிட்டேன்.