தேடிப் போகிறவரின் கணக்கு

செகந்திராபாத்தின் வடக்கே அல்வால், பொல்லாரம் பகுதிகளில் குடியிருப்போருக்கு ஹெலிகாப்டர் ஓசை பழகிப்போன ஒன்று. ஹக்கீம்பேட் விமானப்படை நிலையத்தில் போர் விமானப் பயிற்சிப் பிரிவும் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் ஒரே வேலிக்குள் இயங்குகின்றன. ஒரு நாள் எதிரி நிலத்தில் பாராசூட்டுடன் விழ நேரக்கூடியவரும், அவரைத் தூக்கி வரப் புறப்பட வேண்டியவரும் ஒரே ஓடுபாதையின் அருகே பறக்கப் பழகுகிறார்கள். சற்றுத் தள்ளி, சைனிக்புரியில், பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரி. முப்படைகளின் அதிகாரிகள் முடிவெடுக்கும் முறைகளையும் வள ஒதுக்கீட்டையும் அங்கே பயில்கிறார்கள். போர்க்களத் தேடலும் மீட்பும் என்னும் பொருள் இந்த மூன்று இடங்களுக்கும் உரியது. அதன் கணக்கோ எந்த மேலாண்மைச் சூத்திரத்துக்கும் எளிதில் அடங்குவதில்லை.

1999 மே 27. கார்கில் போரில் விமானப்படை இறங்கிய இரண்டாம் நாள். படாலிக் பகுதியில் ஃப்ளைட் லெப்டினன்ட் நசிகேதாவின் மிக்-27 இயந்திரம் அணைந்துபோகவே அவர் வெளியேறிக் குதித்தார். அவர் இறங்கிய இடத்தைக் கண்டறிவதற்காக ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா தம் மிக்-21 விமானத்தை அப்பகுதியிலேயே செலுத்தினார். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் அங்கே இருப்பது அவர் அறியாததன்று. ஏவுகணை தாக்கியது; அவரும் குதித்தார்; உயிருடன் திரும்பவில்லை. வெளியேறி நிலத்தை அடைந்த பிறகு அவர் சுடப்பட்டார் என்பதே பிரேதப் பரிசோதனையைச் சான்றாகக் கொண்ட இந்தியாவின் நிலைப்பாடு. நசிகேதா சிறைப்பட்டு ஜூன் 3 அன்று விடுவிக்கப்பட்டார். தேடப்பட்டவர் பிழைத்தார், தேடியவர் மாண்டார். அஹுஜாவுக்கு மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. மீட்பு என்பதற்கென்று தனியாகத் தீட்டப்பட்ட திட்டமோ, அதற்கான விமானமோ அன்று அவர் கையில் இல்லை; இருந்தது ஒரு வேவு விமானியின் தன்முனைப்பு மட்டுமே. வீரத்தைப் போற்றும் உரைகள் இந்த இடைவெளியைக் கடந்து சென்றுவிடுகின்றன என்பதே வருத்தம்.

மறுநாள், மே 28, தோலோலிங் அருகே நான்கு எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் தாக்குதலுக்குச் சென்றன. வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறிக் குண்டுகளை வீசும் வசதி அவற்றுள் ஒன்றில் இல்லை. வீழ்ந்ததும் அதுவே. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட்கள் பிரசாத், சாஹு ஆகிய நால்வரும் இறந்தனர். அதன்பின் எம்ஐ-17 தாக்குதல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. தாக்கிவிட்டு உடனே விலகும் ஹெலிகாப்டருக்கே அக்களம் இடங்கொடுக்கவில்லை என்றால், ஒரே இடத்தில் அசையாமல் நின்று கயிறு இறக்கி மனிதனை ஏற்ற வேண்டிய ஹெலிகாப்டருக்கு எப்படி இடங்கொடுக்கும்?

தளவாடம் பற்றிய விவாதம் இங்கேதான் தொடங்க வேண்டும். மலையில் காற்று மெலியும்போது சுழலியின் தூக்குதிறன் குறைகிறது. கவசத் தகடு, துப்பாக்கி, எச்சரிக்கைக் கருவி, தீப்பொறிக் குண்டு என ஒவ்வொன்றும் எடை. எடை கூடினால் ஏறக்கூடிய உயரமும் ஏற்றிவரக்கூடிய ஆட்களும் குறைவர். பாதுகாப்பைக் கூட்டினால் போக வேண்டிய இடத்துக்கே போக முடியாமற்போகலாம். எனவே மீட்பு ஹெலிகாப்டர் தனியே செல்வதில்லை. பீரங்கியை அடக்கும் போர் விமானங்கள், மேலே நின்று செய்தி கடத்தும் விமானம், இறங்கிப் போராடும் வீரர்கள் என ஒரு சிறு படையே உடன் செல்கிறது. 2004இல் உருவான கருட் சிறப்புப் படைக்கு இப்பணியும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இவையெல்லாவற்றுக்கும் முந்தியது ஒரு தாள். அமெரிக்க விமானப்படை வழக்கத்தில், பறப்பவர் புறப்படுமுன் தம்மைப் பற்றித் தமக்கு மட்டுமே தெரிந்த சில செய்திகளை எழுதிக் கொடுக்கிறார். வானொலியில் உதவி கேட்கும் குரல் அவருடையதுதானா, அல்லது ஹெலிகாப்டரை வலையில் வீழ்த்தக் காத்திருக்கும் எதிரியின் குரலா என்பதைச் சோதிக்க அது பயன்படும். தமிழ்ச் சிற்றூரிலிருந்து வந்த ஒருவர் அதில் என்ன எழுதுவார்? பாட்டி வீட்டுப் பசுவின் பெயரையா, முதல் வகுப்பில் அடித்த வாத்தியாரின் பட்டப்பெயரையா? குழந்தைப் பருவத்தின் அற்பச் செய்தி ஒன்று, நாலைந்து பேரின் உயிரைக் காக்கும் மறைசொல்லாகிவிடுகிறது. விலைகொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும்விட இது மலிவானது. ஆயினும் கொள்முதல் பேச்சுகளில் அதிகம் இடம்பெறாதது.

2019 பிப்ரவரி 27 இதற்கு வேறொரு முகத்தைக் காட்டியது. விங் கமாண்டர் அபிநந்தன் எல்லைக்கு அப்பால் இறங்கி, இது எந்த நாடு என்று ஊரார்களிடம் கேட்டதாகவும், உண்மை தெரிந்ததும் குட்டையொன்றில் குதித்துத் தம்மிடமிருந்த தாள்களை விழுங்க முயன்றதாகவும் பாகிஸ்தான் செய்தித்தாள் பதிவுசெய்தது. எந்த மீட்பு ஹெலிகாப்டரும் எட்ட இயலாத நிமிடங்கள் அவை. அதே காலையில் ஸ்ரீநகரிலிருந்து எழும்பிய எம்ஐ-17 ஒன்று பட்காமில் நம் ஏவுகணையாலேயே வீழ்த்தப்பட்டது. விமானப்படையினர் அறுவரும் தரையிலிருந்த பொதுமக்களில் ஒருவரும் மாண்டனர். அது தங்கள் பெரும் தவறு என அவ்வாண்டு அக்டோபரில் விமானப்படைத் தலைவர் ஒப்புக்கொண்டார். தம்மவரா பகைவரா என்று வானில் அறிவிக்கும் கருவிகளைத் தயாரிக்கும் ஹெச்ஏஎல் பிரிவு இதே ஹைதராபாத்தின் பாலாநகரில் இருக்கிறது. கருவி இருப்பது ஒன்று; நெருக்கடி நேரத்தில் ஏவுகணைக் குழுவும் ஹெலிகாப்டரும் ஒரே நடைமுறைக்குள் நிற்பது வேறொன்று. மீட்புத் திட்டத்தின் பாதி, எதிரியிடமிருந்தன்று, தம்மவரிடமிருந்தே மீட்பவரைக் காப்பதாகும்.

ஒருவருக்காக எத்தனை பேர் என்னும் கேள்விக்கு வியட்நாமில் ஒரு கசப்பான விடை உண்டு. 1972 ஏப்ரலில், 53 வயதான ஐசீல் ஹாம்பிள்டன் வட வியட்நாம் படைகளின் நடுவே விழுந்தார். அவரை மீட்கும் முயற்சிகளில் அமெரிக்கர் 11 பேர் இறந்தனர். அவர்களுள் 6 பேர் ஒரே மீட்பு ஹெலிகாப்டரில் இருந்தவர்கள். பிறகு வானிலிருந்து தூக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. எதிரி ஒட்டுக்கேட்டாலும் புரியாதபடி, அவருக்குத் தெரிந்த கோல்ஃப் மைதானங்களின் குழிகளைச் சொல்லிச் சொல்லியே எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என வானொலியில் வழிகாட்டினர். இறுதியில் அவரை அழைத்து வந்தவர்கள் கடற்படை வீரர் தாமஸ் நோரிஸும் தென் வியட்நாமியரான நுயென் வான் கியெட்டும். மீனவர் உடை, ஒரு சிறு படகு, இரவு. ஆற்றில் கிடந்த அந்தப் படகுக்கு நிகரானது படாலிக்கின் பாறைச் சரிவில் எதுவாக இருக்கும் என்பதைச் சைனிக்புரி வகுப்பறைகளில் யாரேனும் ஓர் அதிகாரி தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.