சங்கம் நட்ட மரம்

"பெரியப்பா, மரத்தை வெட்டினவங்க அடிக்கட்டையை அப்படியே விட்டுட்டாங்க பாருங்க" என்றான் தம்பி மகன். கிட்டப் போய்த் தொட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சில்லென்று கல்!

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், பெட்ஃபோர்டு ஊரின் கிரீன் ஹில் கல்லறைத் தோட்டம் அது. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வெளிச்சுவருக்குக் கல் போனது இந்த வட்டாரத்திலிருந்துதான். எந்தப் பக்கம் செதுக்கினாலும் இழையோடிப் பிளக்காத சுண்ணாம்புக்கல். கல்தச்சர்கள் நிறைந்த ஊர் வேறு. பட்டையின் வெடிப்பு, ஒடிந்த கிளையின் கணு, அதில் ஏறும் கொடி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"இவ்வளவு வேலைக்கு யார் காசு கொடுத்திருப்பாங்க?"

கல்லிலேயே பல சமயம் பதில் இருக்கும். இதில் இருந்தது ஒரு சங்கத்தின் முத்திரை. 1890-இல் ஒமாஹா நகரில் ஜோசப் கல்லன் ரூட் தொடங்கிய சங்கம் 'உட்மென் ஆஃப் தி வேர்ல்டு'. பெயரில்தான் மரவெட்டி, சேர்ந்தவர்கள் பல தொழில் பார்த்த சாதாரண மனிதர்கள். சந்தா கட்டியவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். தொடக்க காலத்தில் நினைவுக்கல்லுக்கென்று தனியாக 100 டாலரும் உண்டு. கோடரி, ஆப்பு, கொட்டாப்புளி, ஒலிவக் கிளையோடு ஒரு புறா ஆகியவை அவர்களின் அடையாளங்கள். 'மௌனமாயிருந்தும் பேசுகிறான்' என்னும் பொருளில் லத்தீன் வாசகமும் முத்திரையில் இருக்கும். முத்திரை இல்லாத கல்மரங்களும் ஏராளம். பாதியில் முறிந்த ஆயுளைக் காட்ட அந்நாளில் பலரும் விரும்பிய வடிவம் அது.

மற்ற சங்கங்களின் கற்களையும் தேடினோம். கவராயமும் மூலைமட்டமும் கோத்திருந்தால் ஃபிரீமேசன். கொத்தனாரின் கருவிகள் அங்கே நேர்மைக்கு அளவுகோல். மூன்று வளையச் சங்கிலி ஆட்ஃபெல்லோஸ் சங்கத்தின் குறி: நட்பு, அன்பு, உண்மை. தாமஸ் வைல்டி 1819-இல் பால்டிமோரில் அமெரிக்கக் கிளையைத் தொடங்கினார். நோயாளியைப் போய்ப் பார், துன்பப்பட்டவருக்கு உதவு, இறந்தவரை அடக்கம் செய், அநாதைக் குழந்தையைப் படிக்கவை என்பவை உறுப்பினருக்கு இட்ட கட்டளைகள்.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1935-இல்தான். அதுவரை கூலிக்காரன் செத்தால் பெட்டிக்கும் குழிக்கும் யாரிடம் கையேந்துவது? அந்தப் பயம்தான் ஊர் ஊராக இச்சங்கங்களை வளர்த்தது. ரகசியச் சடங்கு, கைகுலுக்கும் முறை, அங்கி, வாள் எல்லாம் பார்க்க வேடிக்கைதான். அடியில் இருந்தது, எனக்குப் பின் என் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை.

ஆனால் அந்தச் சகோதரத்துவத்துக்கு வேலியும் இருந்தது. ரூட்டின் சங்கம் வெள்ளையருக்கு மட்டும். ஆட்ஃபெல்லோஸும் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. பீட்டர் ஆக்டன் இங்கிலாந்து ஆட்ஃபெல்லோஸிடமிருந்து நேரடியாக அனுமதிப் பத்திரம் வாங்கி, 1843-இல் அவர்களுக்கென்று தனிக்கிளை தொடங்க நேர்ந்தது.

செலவு கட்டுப்படியாகாமல், 1920-களோடு கல்மரம் நடும் வழக்கம் அநேகமாக நின்றுபோனது. காப்பீட்டு வேலை மட்டும் ஒமாஹாவில் இன்றும் நடக்கிறது.

கிளம்பும்போது தம்பி மகன் இன்னொரு தரம் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தான். உள்ளே கிடப்பவர் கோடரி பிடித்தாரோ இல்லையோ, சந்தாவைத் தவறாமல் கட்டியிருக்கிறார்.