அத்தையின் "பேஷ்!"

பக்கவாதம் கண்ட அத்தையின் சான்றிதழில் காலக்கெடு உண்டு. நிலைமை மாறக்கூடுமானால் அப்படித்தான் தருவார்கள். கெடு முடிந்து, மறுபரிசோதனை வந்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் போட்ட கோடு 40 சதவிகிதம். அதற்குக் கீழே இறங்கினால் உதவித் தொகைக்கு ஆபத்து!

டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு போனோம்.

"எப்படி அம்மா இருக்கிறீர்கள்?" என்றார் டாக்டர்.

"பேஷாக இருக்கிறேன்!" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கேன் மூளையைத்தான் காட்டும். ரவிக்கைக் கொக்கியைக் காட்டாதே! ஒரு மாதமாக எழுதி வந்த நோட்டை நீட்டினேன். நழுவிய டம்ளர்கள், மாட்ட முடியாத கொக்கிகள், நான் பின்னிவிட்ட ஜடை...

டாக்டர் படித்துவிட்டு, "கையைத் தூக்குங்கள்" என்றார். தோள் வரைகூட வரவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. "மானத்தைக் கப்பலேற்றிவிட்டாயேடி!" என்று அத்தை வழியெல்லாம் பொருமினாள்.

இரவு சீப்பை என்னிடம் நீட்டினாள். "இதை எழுதாதே" என்றாள்.