கவசமும் மருந்தும்

சொல்லில் நிறைவு பெற்ற பெரியோரிடமிருந்து ஆணையாகப் பிறப்பதே மந்திரம் என்று இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். அத்தகைய சொல் நோயையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை தமிழரின் சமய வாழ்வில் ஆழ வேரூன்றியது. சூலை நோயால் துடித்த நாவுக்கரசர் திருவதிகையில் பதிகம் பாடி நலம் பெற்றதையும், பாண்டியனின் வெப்பு நோயை ஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தணித்ததையும் பெரிய புராணம் உரைக்கின்றது. அவ்வழியில் வந்தவையே தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசமும், பாம்பன் சுவாமிகள் 1891-இல் அருளிய சண்முக கவசமும்.

கவசம் என்பது போர்வீரனின் மெய்யுறை. முகம், கண், செவி, நா, கழுத்து, தோள், கை, கால் என ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, அதனைக் காக்குமாறு முருகனையோ அவன் வேலையோ வேண்டுவது இந்நூல்களின் அமைப்பு. சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டு பரவிய பின், தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் சஷ்டி கவசம் விடியற்காலை ஓசையாயிற்று.

எங்கள் தாயார் அதனை நூலைப் பாராமலே ஓதுவார். 1964-இல் மணமாகி டில்லிக்கு வந்தவர். இந்தியைக் காய்கறி வாங்கும் அளவிற்கே கற்றவர். 2009-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் அவருக்குப் பக்கவாதம் கண்டது. மூளையின் இடப்பக்கத்தில் குருதியோட்டம் தடைப்பட்டது என்றார்கள். வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. பேச்சு அறவே நின்றது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கிற்று. என்னைக் கண்டதும் என் பெயரைச் சொல்ல உதடுகள் முயலும், ஒலி வராது, கண்ணீர்தான் வரும். எங்கே வலிக்கிறது என்று செவிலியர் கேட்டாலும் விடை சொல்ல இயலாத நிலை.

செய்தி கேட்டு ஊரிலிருந்து வந்திருந்தார் தந்தையாரின் பெரியப்பா மகன். "ஊசியும் மருந்தும் போதும், தம்பி. வீட்டிற்கு அழைத்துச் சென்று நாள்தோறும் 36 உருக் கவசம் ஓதுவோம். ஒரு மண்டலத்தில் எழுந்து நடப்பாள்" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் இரத்த அழுத்தத்திற்கான மருந்தை நிறுத்தினால் மீண்டும் ஒருமுறை தாக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எங்கள் இல்லத்தில் கவசத்தை மிகுதியாக நம்பியவர் தந்தையாரே. ஆகவே அவர் என்ன சொல்வாரோ என்று நாங்கள் அஞ்சினோம்.

"அண்ணா, பாம்பன் சுவாமிகளுக்கே கால் எலும்பு முறிந்தபோது எங்கே இருந்தார்?" என்று கேட்டார் தந்தையார். 1923 டிசம்பரில் சென்னைத் தம்புசெட்டித் தெருவில் குதிரை வண்டியால் விபத்து நேர்ந்து, சுவாமிகள் அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்பர்கள் சண்முக கவசம் ஓதினர். அவர் நலமுற்றதை முருகன் அருளாகவே கருதி, மயூரவாகன சேவனம் என்னும் விழாவாக அடியார்கள் இன்றும் போற்றுகின்றனர். கவசம் பாடியவரே மருத்துவமனைக் கட்டிலை மறுக்கவில்லை. "மருந்தை டாக்டர் கொடுக்கட்டும், கவசத்தை நான் ஓதுகிறேன்" என்று தந்தையார் முடித்துவிட்டார். பெரியப்பா மறுத்துப் பேசவில்லை.

அன்று முதல் மாலைதோறும் கட்டிலருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் ஓதிவந்தார். பன்னிரண்டாம் நாள் ஓரடியின் நடுவே இருமல் வந்து நிறுத்தினார். நின்ற இடத்திலிருந்து தாயாரின் குரல் தொடர்ந்தது! குழறலாயினும் நாலைந்து அடிகள் தடையின்றி வந்தன.

பேச்சுப் பயிற்சி அளித்த வங்காள அம்மையார் இதனைக் கேட்டு மகிழ்ந்தார், எனினும் வியப்படையவில்லை. எண்ணிச் சொல்லமைக்கும் ஆற்றல் குன்றிய பின்னும், நெஞ்சில் ஊறிய பாட்டும் வழிபாடும் பலருக்கு எஞ்சியிருக்கும் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இத்தகைய நிலையை விளக்கியிருக்கிறார். இசையோடு சொல்லைப் பயிற்றும் சிகிச்சை முறையொன்றும் 1973-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. "இதனாலேயே பேச்சு திரும்பிவிட்டதாக எண்ணவேண்டாம்; இதனைப் பற்றிக்கொண்டு பயிற்சி செய்வோம்" என்றார் அம்மையார்.

தமிழறியாத அவர் வகுத்த முறை எளியது. உறுப்பின் பெயர் வரும் இடத்தில் தந்தையார் நிறுத்துவார். தாயார் அச்சொல்லைச் சொல்வார். உடனே அவ்வுறுப்பைத் தொட்டுக் காட்டுவோம். பின்னர்ப் பாட்டை விடுத்து, "இது என்ன?" என்று கேட்போம். பல நாள் மௌனமே விடையாயிற்று. ஏழாம் வாரத்தில், எவரும் கேளாமலே, "கை... வலி" என்றார். தம் துன்பத்தைத் தாமே சொன்ன முதற்சொற்கள் அவை. ஓராண்டிற்குள் சிறு தொடர்களாகப் பேசினார். வலக்கை மட்டும் இறுதிவரை முழுமையாகத் திரும்பவில்லை. மருந்தையும் கவசத்தையும் விடாமல் 2016 வரை வாழ்ந்தார்.

மந்திரத்தின் பயனை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. செபமாலையோ யோக மந்திரமோ ஓதுகையில் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகச் சீர்ப்படுகிறது என்று 23 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 நோயாளிகளைக் கொண்டு 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வோ, தொலைவிலிருந்து பிறர் செய்த வேண்டுதலால் உடல்நலத்தில் நன்மை விளைந்ததாகக் காணவில்லை. அருளின் அளவை ஆய்வுக்கூடம் அறியுமோ, யானறியேன். ஓதுபவரின் மூச்சிலும், அருகிருந்து கேட்பவரின் நெஞ்சிலும் அது செயற்படுவதைக் கண்டேன்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நாற்கூறாக்கினார் வள்ளுவர். கவசம் ஓதிய தந்தையார் அந்த நான்காம் கூறாக விளங்கினார். மற்ற மூன்றின் இடத்தையும் அவர் கவரவில்லை.

இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் இன்று நம் பிள்ளைகள் சிலர் சஷ்டி கவசத்தைத் தேவநாகரி எழுத்தில் எழுதி வைத்து ஓதக் காண்கிறேன். எந்த எழுத்தாயினும் ஆகுக. தமிழில் ஒரு நூலேனும் அவர்களுக்கு மனப்பாடம் ஆகட்டும். பொருளையும் உடன் சொல்லிக் கொடுப்போம். கற்ற பிற மொழிகளெல்லாம் கைவிடும் நாளொன்று வருமாயின், நாவில் ஊறிய அச்சொற்கள் உடனிருக்கும். அவற்றைக் கேட்டுத் தொடர்ந்து ஓத அருகே ஒருவரும் இருக்கவேண்டும்.