காதுக்கு உயரம் வேண்டும்

வானொலி நிலையத்தில் என் குரலைக் கொண்டு சேர்க்கக் கோபுரம் இருக்கிறது. வீட்டிலுள்ள ஹேம் ரேடியோவுக்கு ஆண்டெனாதான் கோபுரம்.

"அக்கா, பவர் கூடுன செட்டா வாங்குங்க" என்றான் தம்பி. நான் ஆண்டெனாவின் உயரத்துக்கே செலவழித்தேன். வாட்ஸ் கூடினால் நம் பேச்சு மட்டுமே பலமாகப் போகும். ஆண்டெனா உயர்ந்தால் தூரத்து மெல்லிய குரலும் நம்மை எட்டும்.

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி அரை மீட்டர்தான். ஆனால், 20 மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்தால் ஏறக்குறையப் பாதிச் சக்தி வழியிலேயே வீணாகும். தடித்த கேபிளே நல்லது. இடி மின்னல் வருமுன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

2014 கிளந்தான் வெள்ளத்தில் பல இடங்களில் கைப்பேசிச் சேவை துண்டிக்கப்பட்டது. அப்படியொரு நாளில், உதவி கேட்பவர் கையில் 5 வாட்ஸ் கருவிதான் இருக்கும். அந்தக் குரல் எனக்குக் கேட்க வேண்டும்.